201 ரூபாய் அபராதம், 17 ஆண்டு வாய்தா

1967 துர்கா பூஜைக்கு வந்த ‘தேஷ்’ என்ற வங்காளிப் பத்திரிகையின் சாரதீய மலரில், சமரேஷ் பாசுவின் ‘பிரஜாபதி’ நாவல் 174-ஆம் பக்கம் தொடங்கி 226 வரை முழுசாக அச்சாகியிருந்தது. ரவுடித்தனம் செய்து திரியும் சுகேன் என்ற இளைஞன் தன் கதையைத் தன் தெருமொழியிலேயே சொல்லும் நாவல் அது. 1968 பிப்ரவரியில் அமல் மித்ரா என்ற வழக்கறிஞர் கல்கத்தா மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இது ஆபாசம் என்று புகார் கொடுத்தார். அந்த டிசம்பரிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. எழுதியவருக்கும், பத்திரிகையை அச்சிட்டு வெளியிட்டவருக்கும் தலா 201 ரூபாய் அபராதம். கட்டாவிட்டால் இரண்டு மாதச் சிறை. நாவல் இருந்த பக்கங்களை அழித்துவிடவும் உத்தரவு. உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், தண்டனை உறுதியானது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இருவர்மீதும் குற்றமில்லை என்று அங்கே தீர்ப்பு வந்த நாள் 1985 செப்டம்பர் 24. புகார் பதிவாகி 17 ஆண்டுகள் ஓடியிருந்தன.

இந்திய ஆபாச வழக்குகளின் அபராதத் தொகைகளை ஒரு முறை வரிசையாகப் பாருங்கள். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர்களுக்கு 20 ரூபாய். மராத்தி தீபாவளி மலரில் ஒரு கதை எழுதியதற்காகக் காகோட்கருக்கு 25 ரூபாய். ஒரு வங்காளிக் கவிதைக்காக மலய் ராய் சௌத்ரிக்கு 200 ரூபாய். இந்தத் தொகைகளுக்காக யாரும் எழுதுவதை விட்டுவிட மாட்டார்கள். ஆனால் 17 ஆண்டுகள் குற்றவாளி என்ற பெயரோடு அலைவது அப்படிப்பட்டதல்ல. ஆபாசச் சட்டத்தைப் பற்றிய பேச்சு எப்போதும் எது ஆபாசம், எது இலக்கியம் என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. அந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் இன்று ஓரளவு நல்ல பதிலே வைத்திருக்கிறது. வழக்கை யார் தொடங்கலாம், எங்கே தொடங்கலாம், அது முடியும்வரை எழுத்தாளரோடு யார் கூட நிற்பார்கள் என்ற கேள்விகளில்தான் மாநில மொழிப் பத்திரிகைகள் அடிபடுகின்றன. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

யார் கையில் கிடைக்கும்?

சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1868-இல் ஹிக்லின் வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன் ஓர் அளவுகோல் வகுத்தார். ஒழுக்கக்கேட்டுக்கு இடங்கொடுக்கும் மனமுள்ள ஒருவர் கையில் இந்த எழுத்து கிடைத்தால் அவரைக் கெடுக்கும் போக்கு இதற்கு உண்டா? உண்டென்றால் ஆபாசம். எழுதியவரின் நோக்கம் பொருட்டில்லை. முழு நூலையும் பார்க்கவேண்டியதில்லை, ஒரு பகுதி போதும். சமூகத்திலேயே எளிதில் கலங்கக்கூடிய ஆளைக் கற்பனை செய்துகொண்டு, எல்லோரும் அவருக்குத் தக்கபடி எழுதவேண்டும் என்று கேட்கும் அளவுகோல் இது.

இதற்கு ஓராண்டு முன்புதான், 1867-இல், அச்சகம் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டம் இந்தியாவில் வந்தது. ஒவ்வொரு பத்திரிகைப் பிரதியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருக்கவேண்டும். அவர்கள் அரசிடம் உறுதிமொழி தந்திருக்கவேண்டும் என்றது 2024 வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டம். இதழின் கடைசிப் பக்கத்திலோ உள்ளட்டையிலோ சிறிய எழுத்தில் வரும் அந்த வரிதான், வழக்கு என்று வந்தால் யாருக்கு சம்மன் போகவேண்டும் என்பதைக் காட்டும் வரி. ஆக, பத்திரிகையில் வரும் ஒரு கதை எழுதியவரை மட்டும் மாட்டிவிடுவதில்லை. அச்சகத்தாரையும் வெளியீட்டாளரையும் சேர்த்துக் கூண்டில் ஏற்றுகிறது. கதையைப் படித்தே இராத அச்சகத்தாரும் இதில் அடக்கம்.

இங்கிலாந்து 1959-இல் புதுச் சட்டம் இயற்றி ஹிக்லினைக் கைவிட்டது. மறு ஆண்டே லாரன்ஸின் நாவலை வெளியிட்ட பெங்குவின் நிறுவனத்தை லண்டன் ஜூரி விடுவித்தது. நம் உச்ச நீதிமன்றமோ 1964-இல் அதே நாவலுக்காகப் பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் ரஞ்சித் உதேஷியின் தண்டனையை உறுதி செய்தபோது ஹிக்லினைச் சில திருத்தங்களோடு வைத்துக்கொண்டது. எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த் நேரில் வந்து இது இலக்கியம் என்று சாட்சி சொல்லியும் பயனில்லை. அதைவிட முக்கியமாக, விற்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்ததா என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கத் தேவையில்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

‘யார் கையில் கிடைக்கும்’ என்று ஹிக்லின் கேட்பது புத்தகத்தை ஒரு விதமாகவும் பத்திரிகையை வேறு விதமாகவும் தாக்குகிறது. நாவலை வாங்குபவர் தேடிப்போய்க் காசு கொடுத்து வாங்குகிறார். பத்திரிகை வீட்டுக்கு வருகிறது. அதிலும் விழா மலர் என்றால் வீட்டில் எல்லோருக்குமாக வருவது. மராத்தியில் 1909-இல் ‘மனோரஞ்சன்’ தொடங்கிவைத்த தீபாவளி மலர், வங்காளத்தில் பூஜை மலர், நம்மிடம் தீபாவளி மலர்: தாத்தா ஆன்மிகக் கட்டுரை படிப்பார், அம்மா சமையல் குறிப்பு பார்ப்பார், கல்லூரி போகும் பிள்ளை கதைக்குத் தாவும். மாநில மொழி இலக்கியத்தின் மிகத் துணிச்சலான படைப்புகள் பலவும் மிகப் பெரிய வாசகர் கூட்டத்தைச் சந்தித்தது இந்த மலர்களில்தான். உச்ச நீதிமன்றம் வரை போன இரண்டு முக்கியமான பத்திரிகை வழக்குகளும் விழா மலர்களிலிருந்தே கிளம்பின என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சுமாரான கதைக்குக் கிடைத்த நல்ல தீர்ப்பு

முதலாவது, ‘ரம்பா’ என்ற மராத்தி மாத இதழின் 1962 தீபாவளி மலர். சந்திரகாந்த் காகோட்கர் எழுதிய ‘ஷாமா’ என்ற கதை. நிஷிகாந்த் என்ற கவிஞன், அவன் வாழ்வில் அடுத்தடுத்து வரும் மூன்று பெண்கள், இதுதான் கதை. மாஜிஸ்திரேட் விடுதலை செய்தார். பம்பாய் உயர் நீதிமன்றம் அதை மாற்றித் தண்டனை கொடுத்தது. 1969 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது. நீதிபதி ஜகன்மோகன் ரெட்டி எழுதிய தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பை நான் மிகவும் மதிக்கக் காரணம், அந்தக் கதை பெரிய இலக்கியம் என்று நீதிமன்றம் நினைக்கவே இல்லை. அதன் தரம் பற்றி உயர்வான சொல் எதுவும் தீர்ப்பில் கிடையாது. முதிர்ச்சியில்லாத எழுத்தாகவே அதைப் பார்க்கிறது. இருந்தாலும், இதைப் படிப்பதால் இளைஞர்கள் கெட்டுவிடுவார்கள் என்று சொல்ல முடியாது, சமூகத்தின் அளவுகோல்கள் வேகமாக மாறிவருகின்றன, ஆகவே இது குற்றமில்லை என்றது.

இலக்கியச் சுதந்திரத்துக்காகப் பேசும்போது நாம் எப்போதும் ஒரு மாஸ்டர்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறோம். மாஸ்டர்பீஸ் என்று நிரூபிக்கப் பேராசிரியர்களையும் மூத்த எழுத்தாளர்களையும் சாட்சியாகக் கூட்டிப் போகிறோம். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அப்படியானால் சுமாரான கதை எழுதியவர் என்ன செய்வார்? முதல் கதை எழுதும் 22 வயதுப் பெண் எந்தப் பேராசிரியரைச் சாட்சிக்கு அழைப்பார்? பத்திரிகை என்பதே சோதனைகளும் தடுமாற்றங்களும் அச்சேறும் இடம். பத்துக் கதை வந்தால் இரண்டு தேறும், அந்த இரண்டுக்காகத்தான் மற்ற எட்டும். எட்டுக்கும் பாதுகாப்பு இல்லையென்றால் அந்த இரண்டும் எழுதப்படப்போவதில்லை. அதனால்தான் ‘ஷாமா’ தீர்ப்பு ‘பிரஜாபதி’ தீர்ப்பைவிட ஒரு வகையில் பெரியது.

அதே 1969-இல் நாடாளுமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஆபாசம் பற்றிய 292-ஆம் பிரிவைத் திருத்தியது. அறிவியல், இலக்கியம், கலை, கல்வி போன்ற பொது நன்மைக்கான வெளியீடு என்று நிரூபித்தால் குற்றமில்லை என்ற விலக்கு அப்போதுதான் சட்டத்தில் ஏறியது. எழுத்தாளர்கள் கொண்டாடும் திருத்தம் இது. கூடவே வந்த இன்னொன்றை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதுவரை மூன்று மாதமாக இருந்த அதிகபட்ச சிறை, முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டாகவும் மறுபடி செய்தால் ஐந்து ஆண்டாகவும் உயர்ந்தது. இலக்கியம் என்று நிரூபிக்க முடிந்தவருக்குக் கதவு திறந்தது. முடியாதவருக்குத் தண்டனை எட்டு மடங்கானது.

இனி ‘பிரஜாபதி’க்கு வருவோம். எழுத்தாளர் தரப்புக்காகப் புத்ததேவ் பாசுவும் நரேஷ் குஹாவும் சாட்சி சொன்னார்கள். வங்க நவீன இலக்கியத்தில் புத்ததேவின் இடத்தைச் சொல்லத் தேவையில்லை. அவருடைய நாவல் ஒன்றும் அதே காலத்தில் இதே குற்றச்சாட்டைச் சந்தித்து, கடைசியில் உயர் நீதிமன்றத்தில் தப்பியது. அப்படிப்பட்டவர் சொன்னதைக் கீழ் நீதிமன்றமும் ஏற்கவில்லை, உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. தான் படித்து, தானே முடிவுசெய்ய வேண்டியது நீதிபதியின் வேலை, நிபுணர் சாட்சி ஒரு துணை மட்டுமே என்பதுதான் நம் நீதிமன்றங்களின் நிலைப்பாடு.

உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பை எழுதிய நீதிபதி அமரேந்திரநாத் சென் முன்பு கல்கத்தா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர். அவர் வகுத்த முறை எளிமையானது, ஆழமானது. நீதிபதி முதலில் எழுத்தாளரின் இடத்தில் நின்று அவர் என்ன சொல்ல முயல்கிறார், அதற்கு இலக்கிய மதிப்பு உண்டா என்று பார்க்கவேண்டும். பிறகு, அந்தப் புத்தகம் யார் யார் கையில் போகுமோ, அந்த எல்லா வயது வாசகர்களின் இடத்திலும் நின்று பார்க்கவேண்டும். அதன் பிறகே நீதிபதியாகத் தன் முடிவைச் சொல்லவேண்டும். இதோடு அவர் கொச்சையையும் ஆபாசத்தையும் பிரித்தார். கொச்சையான எழுத்து அருவருப்பைத் தரலாம், சலிப்பைக்கூடத் தரலாம். அதனால் வாசகரின் ஒழுக்கம் கெட்டுவிடாது என்றார். சுகேன் பேசும் வசைகள் அவன் வாழ்க்கையின் மொழி. அவற்றை எடுத்துவிட்டால் சுகேனே இல்லை.

வட்டார மொழியில் எழுதுகிற எல்லோருக்கும் இந்தப் பிரிவினை உயிர் போன்றது. அடித்தட்டு மனிதர்களின் பேச்சு இதழில் அப்படியே ஏறும்போதெல்லாம் முதலில் எழும் கூச்சல் ‘இதையெல்லாம் வீட்டில் வைத்துப் படிக்க முடியுமா’ என்பதுதானே. 2024 மார்ச்சில் ஓர் இணையத் தொடர் பற்றிய அபூர்வா அரோரா வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சமரேஷ் பாசு தீர்ப்பையே துணைக்கு எடுத்துக்கொண்டு, கெட்ட வார்த்தை என்பதாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது என்றது. நாவல் வந்து 57 ஆண்டுகள் கழித்தும் அந்தப் பக்கங்கள் யாரையோ காப்பாற்றுகின்றன.

பக்கபலம் இல்லாதவர்கள்

‘தேஷ்’ 1933 முதல் வரும் பெரிய பத்திரிகை, பின்னால் பெரிய நிறுவனம். உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடத்தும் வசதி அதற்கு இருந்தது. எழுத்தாளரும் வெளியீட்டாளரும் கடைசிவரை ஒரே பக்கம் நின்றார்கள். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

பம்பாயில் ரகுநாத் தோண்டோ கார்வே 1927 முதல் 1953-இல் இறக்கும்வரை ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்தி மாத இதழை நடத்தினார். குடும்பக் கட்டுப்பாடு, பாலியல் கல்வி, வாசகர்களின் அந்தரங்கக் கேள்விகளுக்கு நேரடியான பதில் என்று அன்றைக்கு யாரும் தொடத் துணியாத விஷயங்களை வெளியிட்ட இதழ். எழுதுவது, தொகுப்பது, செலவு செய்வது எல்லாம் அவரே. அதற்காக ஆபாச வழக்குகள் வந்தன. 1934 வழக்கில் அவருக்காக வாதாட வந்தவர் டாக்டர் அம்பேத்கர். பாலியல் பற்றி எழுதுவதாலேயே அது ஆபாசமாகாது என்பது வாதத்தின் சாரம். தோற்றார்கள், 200 ரூபாய் அபராதம். கார்வே கட்டிவிட்டுத் தொடர்ந்து இதழ் நடத்தினார். அம்பேத்கரின் அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் தன் சொற்களில் ஏற்றுக்கொள்ள இன்னும் 35 ஆண்டுகள் ஆயின.

கல்கத்தாவின் ‘ஹங்ரி’ தலைமுறைக் கவிஞர்களுக்கு இதழ்கூடக் கிடையாது. துண்டுத் தாள்களில் அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். 1964 செப்டம்பரில் மலய் ராய் சௌத்ரி கைதானார். 1965 டிசம்பரில் தண்டனை. 1967 ஜூலையில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. சட்டப்படி பார்த்தால் வெற்றிதான். ஆனால் அந்த வழக்கு ஓர் இயக்கத்தை உடைத்துவிட்டுப் போனது. கூட இருந்த நண்பர் சக்தி சட்டோபாத்யாய் அரசுத் தரப்புச் சாட்சியானார். இயக்கத்துக்கு வெளியே இருந்த சுனில் கங்கோபாத்யாய், கவிஞருக்காகக் கூண்டேறினார். நண்பர்களைப் பிரிக்க 200 ரூபாய் அபராதம் கூடத் தேவைப்படவில்லை, போலீஸ் வந்து கதவைத் தட்டியதே போதுமாக இருந்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் சொந்தமாக ஒரு பங்கு உண்டு. 1960-இல் அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றம், இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 292-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மிக அநாகரிகமான, அவதூறான, மிரட்டிப் பணம் பறிக்கும் நோக்கமுள்ள எழுத்துகளுக்கு எதிரானது. மஞ்சள் பத்திரிகைகள் குடும்பங்களின் மானத்தை விலைபேசிய ஊர் இது; அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ‘அவதூறு’ என்பதற்குள், ஒழுக்கத்துக்கு ஊறு விளைவிக்கக்கூடிய எதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விளக்கம் எழுதிவிட்டார்கள். மிரட்டல்காரனுக்காகப் போட்ட வலைக்குள் யதார்த்தக் கதை எழுதுபவரும் விழ இடம் வைத்த சட்டம். பிறகு ஒடிசாவும் இதேபோல் ஒன்றைக் கொண்டுவந்தது. 1982-இல் பீகார் அரசு இதே பாணியில் பத்திரிகை மசோதா ஒன்றை நிறைவேற்றியபோது நாடே கொதித்தது. மறு ஆண்டு அதைத் திரும்பப் பெற்றார்கள்.

எந்தச் சமூகத்தின் அளவுகோல்?

ஹிக்லினை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகக் கைவிட்டது 2014 பிப்ரவரியில், அவீக் சர்க்கார் வழக்கில். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவருடைய வருங்கால மனைவியும் உடையின்றி நின்ற, நிறவெறிக்கு எதிரான ஒரு புகைப்படம். ஜெர்மன் இதழில் வந்ததை 1993 மே மாதம் ‘ஸ்போர்ட்ஸ்வேர்ல்ட்’ இதழும் ‘ஆனந்தபசார் பத்ரிகா’ நாளிதழும் மறுபிரசுரம் செய்தன. வழக்கு முடிய 21 ஆண்டுகள். எளிதில் கெடக்கூடிய ஆளை வைத்து இனி அளக்கக்கூடாது, சராசரி மனிதரின் பார்வையில், சமகாலச் சமூக அளவுகோலை வைத்து அளக்கவேண்டும் என்பது தீர்ப்பு.

நல்லது. அந்தச் சமூகம் எது? மலையாள வார இதழ் என்றால் கேரளம் முழுவதுமா, அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கொதித்தெழுந்த ஒரு தெருவா? பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ விஷயத்தில் இந்தக் கேள்வி அப்பட்டமாக எழுந்தது. அது பத்திரிகையில் வந்ததல்ல, நாவலாக வந்தது. ஆனாலும் இங்கே சொல்லியாகவேண்டும். 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த ‘அமைதிப் பேச்சு’ திருச்செங்கோட்டில் திரண்ட கூட்டத்தையே சமூகமாக எடுத்துக்கொண்டது. எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பேச்சுவார்த்தை யாரையும் கட்டுப்படுத்தாது என்றது, ஆபாசக் குற்றச்சாட்டையும் தள்ளியது, அவரை எழுதச் சொன்னது. ஒன்றரை ஆண்டு மௌனத்தை நீதிமன்றத்தால் திருப்பித் தர முடியாது.

2015 மே மாதத்தில் வந்த துல்ஜாபூர்க்கர் தீர்ப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை. வசந்த் தத்தாத்ரேய குர்ஜர் 1980-களில் எழுதிய ‘காந்தி மலா பேட்லா’, அதாவது ‘காந்தி என்னைச் சந்தித்தார்’ என்ற மராத்திக் கவிதை. காந்தியின் பெயரில் வியாபாரம் நடக்கும் ஒரு நாட்டைப் பற்றிய கசப்பான கவிதை. 1994 ஜூலை-ஆகஸ்டில் வங்கி ஊழியர் சங்கத்தின் ‘புல்லட்டின்’ இதழ் அதை மறுபிரசுரம் செய்தது. சங்க உறுப்பினர்களுக்கு மட்டுமே போகும் இதழ். புனேயில் இருந்த ஓர் அமைப்பு புகார் கொடுத்தது. 21 ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றம், வரலாற்றில் மதிக்கப்படும் பெரியவர்களின் வாயில் ஆபாசச் சொற்களை வைத்தால் சமூக அளவுகோலை இன்னும் கடுமையாகப் பார்க்கவேண்டும் என்று புதிதாக ஒரு வாசல் திறந்தது. சட்டத்தின் எழுத்தில் எங்கும் இல்லாத ஒரு பிரிவு இது. அங்கதம் எழுதுகிறவர் பெரியவர்களை விட்டுவிட்டு வேறு யாரை வைத்து எழுதுவார்?

தீர்ப்பின் மற்றொரு பகுதி பத்திரிகைகளுக்கு இன்னும் முக்கியம். வெளியீட்டாளரும் அச்சகத்தாரும் விடுவிக்கப்பட்டார்கள். காரணம், எதிர்ப்பு கிளம்பியதுமே அடுத்த இதழில் நிபந்தனையற்ற மன்னிப்பு அச்சிட்டிருந்தார்கள். கவிஞர் மட்டும் விசாரணையைச் சந்திக்கவேண்டும் என்றானது. வெளியீட்டாளர்மேல் எனக்குக் கோபம் இல்லை. 21 ஆண்டு வழக்கிலிருந்து விடுபட எவரும் விரும்புவார். ஆனால் இந்த ஏற்பாடு இதழாசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என்ன? உடனே மன்னிப்புக் கேள், எழுதியவரிடமிருந்து விலகி நில், தப்பிக்கலாம். ‘தேஷ்’ வழக்கில் ஒன்றாக நின்ற இருவரை இந்தத் தீர்ப்பு எதிரெதிர்ப் பக்கம் தள்ளுகிறது. சிற்றிதழ் நடத்துபவர் அடுத்த முறை கவிதை ஒன்றைப் படிக்கும்போது, ‘நன்றாக இருக்கிறதா’ என்பதோடு ‘இதற்காக மன்னிப்புக் கேட்க நேருமா’ என்றும் யோசிப்பார். எந்த வழக்குப் பதிவேட்டிலும் ஏறாத தணிக்கை இது.

தொடர்கதைக்கு இன்னொரு தனிச் சிக்கல். படைப்பை முழுமையாகப் பார்க்கவேண்டும், ஒரு வரியைப் பிய்த்தெடுத்துப் பார்க்கக்கூடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தொடரின் மூன்றாம் வாரத்தில் முழுமை எங்கே இருக்கிறது? எஸ். ஹரீஷின் ‘மீசை’ நாவல் 2018-இல் ‘மாத்ருபூமி’ வார இதழில் தொடராக வந்தபோது நடந்தது இதுதான். கோயிலுக்குப் போகும் பெண்களைப் பற்றி ஒரு பாத்திரம் பேசும் பேச்சு ஒன்று தனியாக வெட்டப்பட்டு எங்கும் பரவியது. குடும்பத்தின்மீதே மிரட்டல்கள் வந்தன. மூன்று அத்தியாயங்களோடு அவர் தொடரை நிறுத்திக்கொண்டார். செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் தடை கோரிய மனுவைத் தள்ளுபடி செய்தது, அதற்குள் டி.சி. புக்ஸ் நாவலைப் புத்தகமாகவே கொண்டுவந்துவிட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2020-இல் ஜே.சி.பி. விருது பெற்றது. புத்தகம் பிழைத்தது. பத்திரிகைத் தொடர் என்ற வடிவம்தான் தோற்றது. அதே ஆண்டு ‘கிருகலட்சுமி’ இதழின் அட்டையில் தாய்ப்பாலூட்டும் படம் வந்ததை எதிர்த்த மனுவை, எவ்வளவு முயன்றும் இதில் ஆபாசம் தெரியவில்லை என்று சொல்லிக் கேரள உயர் நீதிமன்றம் தள்ளியது.

இன்றைய நிலை

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 292 இப்போது 294. மின்னணு வடிவமும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுவிட்டது. முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் ஐந்து ஆண்டு, 10,000 ரூபாய். இணையத்தில் வெளியானால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவும் உண்டு. அங்கே முதல் குற்றத்துக்கே மூன்று ஆண்டும் ஐந்து லட்சம் ரூபாயும் வரை போகலாம். அச்சில் வந்த அதே கதையை இதழின் இணையதளத்திலும் போட்டால் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். சிற்றிதழ்கள் பலவும் இன்று இணையத்தில்தான் வருகின்றன.

ஆபாசம் இன்னும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம்தான். தனிநபரும் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். இதழ் எந்த ஊரில் விற்றதோ அந்த ஊரில் கொடுக்கலாம் என்பதால், சென்னையில் அச்சான இதழுக்கு நாகர்கோவிலில் வாய்தா விழ வாய்ப்புண்டு. புகார் கொடுக்க மூன்று ஆண்டு அவகாசமும் இருக்கிறது. இதழ் கடையிலிருந்து மறைந்து, ஆசிரியரே மறந்துபோன கதைக்கும் சம்மன் வரலாம்.

இதில் ஒரே ஒரு மாற்றம் எனக்கு நம்பிக்கை தருகிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 223-ஆம் பிரிவு, தனிநபர் புகாரில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் புகாரை விசாரணைக்கு எடுக்கக்கூடாது என்கிறது. பழைய சட்டத்தில் இந்த வாய்ப்பு இல்லை. சம்மன் வந்த பிறகுதான் பேச முடியும், அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கு. இதழாசிரியர்கள் இந்த முதல் விசாரணையை விட்டுவிடக்கூடாது. முழுப் படைப்பையும் கையோடு கொண்டுபோகவேண்டும். தொடர் என்றால் வரப்போகும் அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதியையும் சேர்த்து. சமரேஷ் பாசு தீர்ப்பையும் ‘ஷாமா’ தீர்ப்பையும் அன்றைக்கே மேசைமேல் வைத்து, கொச்சை வேறு ஆபாசம் வேறு, சுமாரான கதையும் குற்றமில்லை என்று அங்கேயே வாதாடவேண்டும். போலீஸ் தானாகப் பதியும் வழக்குகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது; அதற்கு உயர் நீதிமன்றம் போய் ரத்துக் கேட்பதுதான் இப்போதைக்கு வழி. அந்த வழிக்கு ஆகும் செலவைத் தனியாக ஒரு சிற்றிதழால் தாங்க முடியாது. எழுத்தாளர் அமைப்புகளும் பதிப்பாளர் சங்கங்களும் கூட்டாகச் சட்ட உதவி நிதி ஒன்று வைத்துக்கொண்டால், எழுதியவரை விட்டு விலகி நில்லாமலேயே ஓர் ஆசிரியர் வழக்கைச் சந்திக்க முடியும்.